நியூ ஹாம்ப்ஷைரில் வென்றவருக்கு வெள்ளை மாளிகை கிடைக்குமா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் முதல் உட்கட்சித் தேர்தல் நடக்கும் ஊர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் தென்கோடியில், நாஷுவா நகரில் வசிக்கும் பெரியம்மா மகளின் அழைப்பால் 2024 ஜனவரியில் அது நிறைவேறியது. போகும்போதே ஒரு கேள்வியையும் எடுத்துச் சென்றேன். கட்சிகள் தம் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும், பிரைமரி என்று அங்கே சொல்லப்படும் இந்தத் தேர்தலில் முதலில் வெல்பவர், நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலிலும் வெல்வார் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை?

சுமார் 14 லட்சம் பேர் வாழும் சிறிய மாநிலம் அது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் அதன் பங்கு வெறும் 4. ஆனாலும் 1920 முதல் நாட்டிலேயே முதல் பிரைமரியை நடத்துவது தன் உரிமை என்று அது கருதுகிறது. வேறெந்த மாநிலமும் இதுபோன்ற தேர்தலைத் தனக்கு முன்னால் நடத்திவிடாதபடி, குறைந்தது ஏழு நாள் முந்தியே தேதி குறிக்க வேண்டும் என்று 1975இல் சட்டமும் இயற்றிக்கொண்டது. தலைநகரான கான்கார்டில் தங்கக் கவிகையுடன் நிற்கும் சட்டமன்றக் கட்டடத்துக்குள் யாரும் எளிதாகப் போய்வரலாம். கீழவையில் 400 உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 டாலர்தான் சம்பளம். பார்வையாளர் கூடத்தில் பழைய வேட்பாளர்களின் பிரசாரச் சின்னங்களும் சட்டைப் பட்டயங்களும் நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தோற்றவர்களுடையவை என்பதைக் கவனித்தபோதே என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமலில்லை. வேட்பாளர்களின் பெயர்களே வாக்குச்சீட்டில் இடம்பெற்று, மக்கள் நேரடியாக விருப்பத்தைத் தெரிவிக்கும் முறை இங்கே 1952இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முதல் 1988 வரை அதிபரான ஒவ்வொருவரும், ஐசனோவர் தொடங்கி மூத்த புஷ் வரை, அந்தந்த ஆண்டு நியூ ஹாம்ப்ஷைரில் தம் கட்சியில் முதலிடம் பெற்றவர்களே. பத்துத் தேர்தல்களில் ஒருமுறைகூடத் தவறாத கணக்கு என்பதால், இந்த மாநிலம்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறது என்று உள்ளூர்த் தலைவர்கள் பெருமை பேசியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பெருமை சுருங்கிவிடுகிறது. 1956, 1964, 1972, 1984 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர்கள் ஏற்கெனவே பதவியில் இருந்த அதிபர்கள். சொந்தக் கட்சியில் அவர்களுக்குப் பெரிய எதிர்ப்பே இல்லை. 1960இல் கென்னடியை எதிர்த்து நின்றவர்களில் குறிப்பிடத்தக்கவர் ஒரு பேனாத் தொழிலதிபர் மட்டுமே. 1968இல் நிக்சனின் முக்கியப் போட்டியாளரான ஜார்ஜ் ராம்னி வாக்குப்பதிவுக்கு முன்பே விலகிவிட்டார். உண்மையான போட்டியில் வென்று, அதன் பிறகு அதிபரானவர்கள் என்று எண்ணினால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள்.

பாஸ்டனிலிருந்து காரில் வரும்போது இன்னொன்றும் புலப்பட்டது. மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டினாலும் வீடுகளில் ஓடுவது பாஸ்டன் தொலைக்காட்சிதான்; நாஷுவாவில் குடியிருந்துகொண்டு தினமும் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். அதனால் பக்கத்து மாநில அரசியல்வாதி இங்கே அந்நியரல்லர். கென்னடி, 1964இல் ஹென்றி கேபட் லாட்ஜ், 1988இல் டுகாகிஸ், 1992இல் சாங்கஸ், 2004இல் கெர்ரி, 2012இல் மிட் ராம்னி என்று மாசசூசெட்ஸ்காரர்கள் ஆறு பேர் இங்கே வென்றிருக்கிறார்கள். லாட்ஜ் வென்றபோது சைகோனில் தூதராக இருந்தார். வாக்காளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதி வாக்களித்தார்கள். இந்த ஆறு பேரில் அதிபரானவர் கென்னடி ஒருவரே. அண்டை வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஆதரவை நாட்டின் ஆதரவாக எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

1992க்குப் பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. அந்த ஆண்டு சாங்கஸிடம் தோற்று இரண்டாமிடம் பெற்ற பில் கிளிண்டன் அதிபரானார். 2000இல் ஜான் மெக்கெய்னிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்ற இளைய புஷ் அதிபரானார். 2008இல் ஹிலரி கிளிண்டனிடம் தோற்ற ஒபாமா அதிபரானார். 2020இல் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, முடிவு வரும் முன்பே தென் கரோலினாவுக்குக் கிளம்பிவிட்ட பைடனும் அதிபரானார். 1992 முதல் 2020 வரை முதன்முறையாக அதிபரான ஐவரில் இங்கே வென்றவர் 2016இன் டிரம்ப் மட்டுமே. இதற்கு மாறாக, பிரைமரிக்குப் பதிலாகக் கட்சிக் கூட்டங்கள் மூலம் இதற்கு முன்பே வாக்கெடுப்பு நடத்திய அயோவா மாநிலம், நியூ ஹாம்ப்ஷைர் இரண்டையும் வென்ற அல் கோரும் கெர்ரியும் நவம்பரில் தோற்றார்கள்.

ஏன் இப்படி என்பது வாக்குச்சாவடியில் ஓரளவு விளங்கியது. ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுதான் சாவடி. வாக்களிக்கும் பகுதியைச் சுற்றித் தடுப்பு இருக்கிறது. அதற்கு வெளியே நின்று யாரும் பார்க்கலாம். சுவரில் மாதிரி வாக்குச்சீட்டை ஒட்டியிருந்தார்கள். குடியரசுக் கட்சிச் சீட்டில் மட்டும் 24 பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கருப்பாக்க வேண்டிய ஒரு சிறு முட்டை வடிவம். 1000 டாலர் கட்டினால் யாரும் போட்டியிடலாம் என்பதால் பட்டியல் இவ்வளவு நீளம். இரண்டு நாள் முன்னால் விலகிய டிசாண்டிஸ் பெயரும், அயோவாவோடு ஒதுங்கிக்கொண்ட விவேக் ராமசாமி பெயரும் அச்சிட்டபடியே இருந்தன.

அக்கா எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாத வாக்காளர். மாநில வாக்காளர்களில் ஐந்தில் இரண்டு பங்கு இப்படிப்பட்டவர்கள். சரிபார்க்கும் மேசையில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஒன்றைச் சொல்லி வாங்கிக்கொண்டார். அந்தக் கணத்தில் அவர் அந்தக் கட்சி உறுப்பினர். வாக்களித்துவிட்டு வெளியே வரும் வழியில் இன்னொரு மேசையில் ஒரு தாளில் கையெழுத்திட்டு, மறுபடியும் எந்தக் கட்சியும் சாராதவர் ஆகிவிட்டார்.

“இது போதுமா அக்கா? அஞ்சு நிமிஷம் கட்சியில இருந்தா வேட்பாளரையே முடிவு பண்ணலாமா?” என்று கேட்டேன்.

“இங்க அப்படித்தான் தம்பி. அதனாலதான் எல்லாரும் எங்க வீட்டு வாசலுக்கே வர்றாங்க” என்றார்.

மெக்கெய்ன் போன்றவர்களை உயர்த்திவிட்டவர்கள் இந்த வாக்காளர்களே. ஆனால் அடுத்தடுத்த பல மாநிலங்களில் பதிவு செய்த கட்சிக்காரர்களுக்கு மட்டுமே வாக்கு; ஜனநாயகக் கட்சியைப் பொறுத்தவரை கறுப்பின வாக்காளர்களின் பங்கும் மிகப் பெரியது. பெரும்பாலும் வெள்ளையர்களே வாழும் நியூ ஹாம்ப்ஷைர் அந்தக் கட்சியின் முகத்தைக் காட்டவில்லை என்பதே பைடன் தரப்பு தென் கரோலினாவை முன்னுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம். அதை ஏற்காமல் நியூ ஹாம்ப்ஷைர் தன் தேதியிலேயே தேர்தலை நடத்தியதால், 2024இல் பைடன் பெயர் இங்கே சீட்டிலேயே இல்லை. ஆதரவாளர்கள் கையால் எழுதித்தான் அவரை வெல்ல வைத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு இந்தத் தேர்தல் எதையுமே முன்னறிவிக்காது என்று நான் சொல்லமாட்டேன். வென்றவரைப் பார்ப்பதைவிட, பதவியில் இருக்கும் அதிபர் இங்கே எவ்வளவு திணறுகிறார் என்று பார்ப்பதுதான் பயனுள்ளது. பிரைமரிகள் வெறும் கண்துடைப்பு என்று சொன்ன ட்ரூமன், 1952இல் இங்கே சொந்தக் கட்சியின் செனட்டர் கீஃபாவரிடம் தோற்று அந்த மாதமே போட்டியிலிருந்து விலகினார். 1968இல் ஜான்சன் 49 விழுக்காடு பெற்று முதலிடத்தில்தான் வந்தார். ஆனால் வியட்நாம் போரை எதிர்த்த யூஜீன் மெக்கார்த்திக்கு 42 விழுக்காடு கிடைத்ததை யாராலும் மறைக்க முடியவில்லை. மார்ச் மாதம் முடிவதற்குள் ஜான்சனும் விலகினார். 1976இல் ஃபோர்டு, ரீகனை மயிரிழையில் வென்றார். 1980இல் கார்ட்டர், எட்வர்ட் கென்னடியை வென்றார். 1992இல் மூத்த புஷ், 37 விழுக்காடு பெற்ற பியுகேனனை வென்றார். மூவருமே நவம்பரில் தோற்றார்கள். சொந்தக் கட்சிக்குள் கிளம்பும் அதிருப்தி, வெளியே இருக்கும் பெரிய அதிருப்தியின் முதல் தடயம் என்பதே என் துணிபு.

இதற்கும் விலக்கு உண்டு. தொடக்க பிரைமரி முடிவுகளை வைத்தே அதிபரைக் கணிக்கும் மாதிரி ஒன்றை ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெல்மட் நார்போத் உருவாக்கியிருக்கிறார். 2016இல் டிரம்ப் அதிபராவார் என்று பலரும் நம்பாத நேரத்தில் அது சொன்னது. 2020இல், பெரிய எதிர்ப்பு இல்லாமல் நியூ ஹாம்ப்ஷைரை அள்ளிய டிரம்புக்கு 91 விழுக்காடு வெற்றி வாய்ப்பு என்று அதே மாதிரி கூறியது, டிரம்ப் தோற்றார். பிப்ரவரியில் அந்தக் கணிப்பின் அடிப்படையான வாக்குகள் விழுந்தபோது, பெருந்தொற்று அமெரிக்காவைப் புரட்டிப்போடும் என்று எந்த வாக்காளருக்குத் தெரியும்? பிரைமரிக்கும் நவம்பருக்கும் இடையே கிடக்கும் ஒன்பது பத்து மாதங்களை எந்தக் கணக்கும் முழுதாக விழுங்கிவிட முடியாது.

தேர்தல் முடிந்த பின் வடக்கே டிக்ஸ்வில் நாட்ச் வரை போனோம். ஃபிராங்கோனியா மலைக்கணவாயைத் தாண்டும்போது, மாநிலச் சின்னமாக விளங்கிய மனித முகப் பாறை 2003இல் சரிந்து விழுந்த இடத்தை அத்தான் காட்டினார். டிக்ஸ்வில் நாட்சில் 2011இல் மூடப்பட்ட பால்சம்ஸ் விடுதி பனிக்குள் பெரிய கூடாக நிற்கிறது. 1960 முதல் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே வாக்களித்துச் சில நிமிடங்களில் முடிவை அறிவித்துவிடும் ஊர் இது. அந்த முதல் ஆண்டு நவம்பரில் நிக்சனுக்கு ஒன்பது, கென்னடிக்குப் பூஜ்யம். 2024 ஜனவரியில் ஊரிலிருந்த ஆறு வாக்காளர்களும் குடியரசுக் கட்சியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கே வாக்களித்தார்கள். அன்றிரவே மாநிலம் டிரம்ப் பக்கம் போனது. இந்த ஊருக்காக உலகத் தொலைக்காட்சிகள் காமிராவோடு வருவது, முதலில் வரும் செய்திக்கு நாம் தரும் அளவுமீறிய மதிப்பைத்தான் காட்டுகிறது.

நியூ ஹாம்ப்ஷைர் உண்மையிலேயே அதிபரைத் தீர்மானித்த ஆண்டு ஒன்று உண்டு என்றால், அது 2000. அதுவும் பிரைமரியால் அன்று. பிரைமரியில் தோற்ற புஷ், நவம்பரில் இதே மாநிலத்தை 7,211 வாக்குகளில் வென்றார். கோரின் வாக்குகளைப் பிரித்ததாகச் சொல்லப்படும் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடர் இங்கே பெற்றது 22 ஆயிரத்துக்கும் மேல். தேசிய முடிவு 271க்கு 266. இந்த நான்கு தேர்வாளர் வாக்குகள் கோருக்குப் போயிருந்தால் வாக்கு எண்ணிக்கை பற்றிய ஃப்ளோரிடா வழக்குக்கே தேவை இருந்திருக்காது.

நான் ஊர் திரும்பிய பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. ஜூலையில் பைடன் விலக, ஒரு பிரைமரியில்கூட வெல்லாத கமலா ஹாரிஸ் வேட்பாளரானார். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூசையும் நடந்தது. நவம்பரில் நியூ ஹாம்ப்ஷைர் ஹாரிஸுக்கு வாக்களித்தது. நாடு டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. 1992க்குப் பிறகு, பதவியில் இல்லாத நிலையில் இங்கே பிரைமரியை வென்று அதிபரானவர் என்ற பட்டியலில் இரண்டு முறையும் ஒரே பெயர்தான் இருக்கிறது. 2028இல் அரசியல் சட்டப்படி டிரம்ப் மறுபடி போட்டியிட முடியாது என்பதால், பதவியிலிருக்கும் அதிபரின் திணறல் என்ற ஒரே நம்பகமான அடையாளமும் அந்த ஆண்டு கிடைக்கப்போவதில்லை. அப்போது நியூ ஹாம்ப்ஷைர் முடிவு வரும் இரவில், முதலிடம் பிடித்தவரை விட்டுவிட்டு, அவர் எந்த மாநிலத்துக்காரர், அவருக்கு வாக்களித்தவர்களில் கட்சி சாராதவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.