போர்டு மாறியது, டிஸ்க் அப்படியேதான் இருந்தது

ஐப்பசி மழையில் இடி விழுந்து, நீடாமங்கலத்தில் சித்தப்பா வைத்திருக்கும் அரவை மில்லின் கம்ப்யூட்டரில் மதர்போர்டு கருகிவிட்டது. ஆறு வருட நெல் கணக்கு அதில்தான். கும்பகோணத்தில் பழைய போர்டு ஒன்று வாங்கி, அதே டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். பூட் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

"கணக்கெல்லாம் போச்சாடா?" என்றார் சித்தப்பா. குறுவை நெல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

போகவில்லை. இப்போதைய கணினிகள் தொடங்கும் யூஇஎஃப்ஐ முறையில், எந்தக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பதிவு டிஸ்க்கில் இருப்பதில்லை, போர்டின் என்விராமில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத சிறிய நினைவகத்தில் இருக்கிறது. போர்டு போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். டிஸ்க்கில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பொதுவான தொடக்கக் கோப்பு இருந்தால், புதுப் போர்டு அதையாவது எடுத்துக்கொள்ளும். மில் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸான எங்கள் டெபியனில் அது இல்லை.

டிஸ்க் இல்லாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவில் ஏறி, பூட் பதிவுகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையை அடித்தேன். இந்தக் கணினியில் இஎஃப்ஐ மாறிகளுக்கு ஆதரவில்லை என்றது. பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருந்ததுதான் காரணம். மறுபடி ஆன் செய்து, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்ததும் பட்டியல் வந்தது. பென்டிரைவும் நெட்வொர்க்கும் மட்டும்தான் அதில் இருந்தன.

புதுப் பதிவு சேர்க்க நான்கு விவரம் போதும்: எந்த டிஸ்க், எத்தனையாவது பார்ட்டிஷன், என்ன பெயர், டெபியனைத் தொடங்கிவைக்கும் ஷிம் கோப்பின் பாதை. பாதையில் வருவது பின்சாய்ந்த கோடு (\). மேற்கோள்குறி போடாமல் அடித்துவிட்டேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் அந்தக் கோடுகளையெல்லாம் விழுங்கிவிட்டது. பதிவு எந்தப் புகாரும் இல்லாமல் உருவானது, ஆனால் பூட் ஆகவில்லை. பட்டியலை விவரமாகக் காட்டச் சொல்லிப் பார்த்தபோதுதான், பாதையின் மூன்று சொற்களும் ஒரே சொல்லாக ஒட்டிக் கிடந்தது கண்ணில் பட்டது. அரை மணி நேரம் அதிலேயே போனது. அந்தப் பதிவை நீக்கி, ஒற்றை மேற்கோளுக்குள் பாதையை வைத்து மறுபடி சேர்த்தேன்.

உடனே பூட் வரிசையை மாற்றிவிடாதீர்கள். அதே கட்டளையில் சிறிய 'என்' கொடியோடு (தேர்வைக் குறிக்கும் எழுத்து) பதிவின் எண்ணைக் கொடுத்தால், அடுத்த ஒரு முறைக்கு மட்டும் அதிலிருந்து தொடங்கிப் பார்க்கும். சரியாக வந்தால் அப்புறம் 'ஓ' கொடியால் வரிசையை நிரந்தரமாக்கலாம். டெபியன் வந்தது. கணக்கைத் திறந்து கடைசி வரவு வரைக்கும் சித்தப்பாவிடம் காட்டினேன்.

கையோடு, தொடக்க நிரலை டிஸ்க்கில் நிறுவும் கிரப் இன்ஸ்டால் கட்டளையை 'ஃபோர்ஸ் எக்ஸ்ட்ரா ரிமூவபிள்' தேர்வோடு ஓட்டி, அந்தப் பொதுக் கோப்பையும் வைத்துவிட்டேன். இன்னொரு போர்டு மாற்ற நேர்ந்தாலும் இந்த டிஸ்க் தானே எழும்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. மில்லில் கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆக வேண்டும். அந்த செட்டிங் போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. பழைய மானிட்டர் மெதுவாக விழிப்பதால், எஃப்2 அழுத்த வேண்டிய நேரம் ஒவ்வொரு முறையும் தப்பிப்போனது. 'சிஸ்டம்சிடிஎல் ரீபூட்' கட்டளையோடு 'ஃபர்ம்வேர் செட்டப்' தேர்வைச் சேர்த்து அடித்தேன். எந்த விசையையும் தொடாமல் நேராக அந்தத் திரையே வந்து நின்றது.