பத்துப் பேரில் ஒருவர் வந்தால் இறப்பு பாதியாகுமா?

ஜெர்மனியின் வட எல்லையிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில், 2003 ஜூலை முதல் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 3,60,000 பேர் உடல் முழுவதும் தோல் பரிசோதனை செய்துகொண்டார்கள். 2008 ஜூலையில் அது 35 வயது நிறைந்தோருக்கான நாடு தழுவிய திட்டமாயிற்று. அந்த மாநிலத்தில் மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயால் நேரும் இறப்பு விகிதம் 2009க்குள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக அறிக்கைகள் வந்தபோது பலரையும் போல நானும் மகிழ்ந்தேன். பிறகு அது பழைய நிலைக்கே ஏறியது. நாடு தழுவிய அளவிலோ அத்தகைய சரிவு தென்படவே இல்லை.

இத்தகைய இடத்தில்தான் கணினி உருவக மாதிரியின் அருமை எனக்குப் புரிந்தது. லட்சக்கணக்கான கற்பனை மனிதர்களைக் கணினியில் பிறக்கச் செய்து, யாருக்கு எந்த வயதில் கட்டி தொடங்குகிறது, எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது, எப்போது கண்ணில் படுகிறது என்பதையெல்லாம் விதிகளாக எழுதி, அதே மனிதர்களைப் பரிசோதனையோடும் பரிசோதனையின்றியும் இருமுறை வாழவைத்து இறப்புகளை ஒப்பிடுகிறார்கள். அந்த மாநிலத்தில் தகுதியுடைய ஆண்களில் வந்தவர்கள் சுமார் 10 விழுக்காட்டினரே. வந்தவர்களும் வராதவர்களும் ஒரே அளவு ஆபத்துள்ளவர்கள் என்றால், வந்த அனைவரையும் காப்பாற்றினாலும் ஆண்களின் இறப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைய வழியில்லை. ஆனால் ஆண்களிடமும் ஏறக்குறையப் பாதி குறைந்ததாகவே பதிவாயிற்று. சந்தேகத்துக்குரிய மச்சம் உடையவர்களே பெரிதும் வந்திருக்கலாம். விழிப்புணர்வுப் பிரசாரம் வராதவர்களையும் மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக இருந்திருக்க வேண்டும் என்பதை மாதிரி கேட்டுவிடுகிறது.

மாதிரி தடுமாறும் இடமும் உண்டு. கண்டறிந்த மெலனோமாவை உடனே வெட்டி எடுத்துவிடுவதால், அதை விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை யாரும் பார்ப்பதில்லை. மெதுவாக வளர்ந்து ஒருநாள் கொல்லக்கூடியவை மிகுதி என்று எழுதினாலும், ஒருபோதும் கொல்லாதவை மிகுதி என்று எழுதினாலும், புற்றுநோய்ப் பதிவேட்டின் எண்களோடு இரண்டையும் பொருத்திவிட முடியும். முதல் அனுமானத்தில் பரிசோதனை உயிர்காக்கும். இரண்டாவதில், நலமாக இருந்த ஒருவருக்குத் தழும்பையும் புற்றுநோயாளி என்ற பெயரையும் கொடுத்துவிட்டுப் போகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கிய, குலுக்கல் முறையில் பிரித்து பரிசோதனை உள்ளோரையும் இல்லாதோரையும் ஒப்பிடும் பெரிய ஆய்வு நிதியின்றி நின்றுபோனதால் இதைத் தீர்க்கும் தரவு நமக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2023இல் சான்று போதாது என்றே கூறியது.

ஆகவே, இத்தனை உயிர்கள் காக்கப்படும் என்று ஒற்றை எண்ணைத் தரும் மாதிரி ஆய்வை நான் ஏற்பதில்லை. இரண்டு அனுமானங்களின் விடைகளையும் ஒரே அட்டவணையில் அருகருகே அச்சிட வேண்டும்.