உங்க வீட்ல ஒரு பாக்கெட் உப்பு எத்தனை நாள் வருது?

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஓட்ஸ் கொடு, ஆலிவ் ஆயிலுக்கு மாறு, பூண்டை பால்ல வேக வச்சு கொடுன்னு, எல்லாம் பாசத்துல சொன்னதுதான், ஆனா ஒருத்தர் கூட உப்பைப் பத்தி வாயத் திறக்கல. நம்ம சமையல்ல முதல்ல கை வைக்க வேண்டியது அதுலதாங்க.

பெரியவங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு கீழ போதும்ங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. நாலு பேர் இருக்குற வீட்டுக்கு 20 கிராம், அப்போ ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வரணும். இன்னைக்கே பாக்கெட் மேல பிரிச்ச தேதிய எழுதி வைங்க. அதுக்கு முன்னாடியே தீர்ந்துச்சுன்னா யோசிக்கணும், ஏன்னா ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், பிஸ்கட்ல இருக்குற உப்பெல்லாம் இந்தக் கணக்குலயே வராது. உப்பு ஏற ஏற உடம்பு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்தோட அளவு கூடும், பிரஷர் ஏறும், அந்த பாரத்தை நாள் முழுக்க தள்ளுறது இதயம்தான். இந்துப்பு நல்லதுன்னு மாறுறாங்களே, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அளவு குறையலன்னா ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்க வீட்ல சாதம் வடிக்க, சப்பாத்தி மாவு பிசைய உப்பே கிடையாது, குழம்பு பொரியல்ல இருக்குறது போதும். பொரியலுக்கு அடுப்பை அணைச்சப்புறம் கடைசியா தூவுறோம், அப்படிப் போட்டா கொஞ்சமா இருந்தாலும் நாக்குல தெரியும். புளிப்பு உப்போட குறைய நல்லாவே மறைச்சிடும், பருப்புல எலுமிச்சை பிழியுறது, கூட்டுல மாங்காத்துண்டு போடுறது, ரசத்துல மிளகு சீரகத்த அப்பப்போ தட்டிப் போடுறதுன்னு அம்மா வழி வச்சிருக்காங்க. தயிர்சாதத்துக்கு ஊறுகாய்க்கு பதிலா இஞ்சி, கொத்தமல்லி, மாதுளை. ஆரம்பத்துல சப்புன்னுதான் இருக்கும், சில வாரத்துல நாக்கு பழகிடும், அப்புறம் ஹோட்டல் சாம்பார் கரிக்குது.

எண்ணெய் விஷயத்துல கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டுமே நம்ம சமையலுக்கு நல்லாவே ஒத்துவரும், அளவா ஊத்தணும் அவ்வளவுதான். பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்ப காய வைக்கிறது மட்டும் வேணவே வேணாம். எண்ணெய், கொழுப்புல இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் ஃபேட்ங்கிற கொழுப்பு வகை 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2022ல இருந்து நம்ம நாட்டுல விதியே இருக்கு, ஆனா பஜ்ஜிக் கடை வாணலியில எத்தனை தடவை காஞ்ச எண்ணெய்னு நமக்கு எப்படித் தெரியும்?

மீன் சாப்பிடுறவங்களுக்கு மத்தி மாதிரி நல்லது வேற இல்ல, சாளைன்னு கேட்டாலும் அதேதான், ஒமேகா 3ங்கிற நல்ல கொழுப்பு அதுல அவ்வளவு இருக்கு, விலையும் வஞ்சிரத்தை விட ரொம்பக் கம்மி. வறுக்காம குழம்பா வைங்க.

சோடியம் கம்மின்னு தனியா ஒரு உப்பு விக்கிறாங்க இல்லையா, அதுல பொட்டாசியம் கலந்திருக்கும். கிட்னி பிரச்சனை இருக்குறவங்களுக்கு அது ஆபத்து, சில பிரஷர் மாத்திரைங்களோடயும் சேராது, அதனால டாக்டர்கிட்ட மாத்திரை சீட்டைக் காட்டி கேக்காம தயவுசெஞ்சு வாங்காதீங்க.