கார் இல்ல, கறி இல்ல: பிளாக் ஃபாரஸ்ட்ல ஒரு வாரம்

எங்க வீட்ல கார் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுல வர்ற முக்கால்வாசி முடிவு அதனாலதான் எடுத்தது. நம்ம ஊர் லைசென்ஸ் ஜெர்மனில குடியேறி ஆறு மாசம் வரைக்கும்தான் செல்லும், அதுக்கு மேல தியரி டெஸ்ட், ஓட்டிக் காட்டுற டெஸ்ட் ரெண்டும் பாஸ் பண்ணணும், டுஸல்டார்ஃப்ல வாசலுக்கு வாசல் டிராம் ஓடும்போது எதுக்கு அந்தச் செலவுன்னு நானும் இவரும் விட்டுட்டோம். சம்மருக்கு திருச்சில இருந்து அப்பா அம்மா வந்திருந்தாங்க, அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், முட்டி வலி உண்டு, அம்மா முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துட்டு தள்ளி வச்சிடுவாங்க, பையனுக்கு ஏழு வயசு, அவனுக்கு மாடு பார்க்கணும் தண்ணில குதிக்கணும். இந்த அஞ்சு பேரையும் கட்டி இழுத்துக்கிட்டு ஒரு வாரம் கிராமத்துப் பக்கம் எங்க போறது?

கேட்டவங்க எல்லாம் ஆளுக்கொரு ஊர் சொன்னாங்க. அம்மாவுக்கு காலண்டர்ல வர்ற அந்த வெள்ளைக் கோட்டை, நாய்ஷ்வான்ஸ்டைன், அது இருக்கற ஆல்காய்தான் வேணும். அழகான பகுதிதான், பச்சைப் புல்வெளி, மணி கட்டின மாடு, பின்னாடி ஆல்ப்ஸ், எல்லாம் இருக்கு. ஆனா அந்தக் கோட்டை 1869ல கட்ட ஆரம்பிச்சு 1886ல ராஜா லுட்விக் சாகற வரைக்கும்கூட முடியல, உள்ள போக நேரம் குறிச்ச டிக்கெட், கீழ இருந்து மேல ஏறணும், ஆகஸ்ட் கூட்டத்துல ஒரு நாள் அதுக்கே போயிடும், மிச்ச நாள்ல மலை ஏறத் தெரிஞ்சவங்களுக்குத்தான் ஆல்காய். அப்பா முட்டிய வச்சுக்கிட்டு நான் அதுக்குத் துணியல.

இவருக்கு வடக்க மெக்லன்புர்க் ஏரிகள் மேல கண்ணு. அங்க இருக்கற முரிட்ஸ்தான் முழுசா ஜெர்மனிக்குள்ளயே இருக்கற ஏரிகள்ல பெருசு, சுமாரா 117 சதுர கிலோமீட்டர், போடன்ஸே இதைவிடப் பெருசுதான் ஆனா அதுல சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் பங்கு இருக்கு. அங்க வீட்டுப்படகு வாடகைக்கு எடுக்கலாம், போட் லைசென்ஸ் இல்லாட்டியும் ஒரு வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுத்து கையில குடுத்துடுவாங்களாம். கார் ஓட்டாத மனுஷன் கப்பல் ஓட்டறேன்னு நிக்கறார். நீச்சல் தெரியாத அம்மாவையும் ஒரு இடத்துல உட்காராத பையனையும் வச்சுக்கிட்டு தண்ணி மேல ஒரு வாரமா, முடியவே முடியாதுன்னுட்டேன்.

மோஸல் ஆறு எங்களுக்குக் கிட்ட. ஆத்தோரமாவே ரயில் போகும், கோஹம் மாதிரி கோட்டை வச்ச குட்டிக் குட்டி ஊருங்க, ப்ரெம்ங்கற ஊருக்கு மேல கால்மோண்ட்னு ஒரு திராட்சைத் தோட்டம் சுவர் மாதிரி செங்குத்தா நிக்கும். ஆனா ஊருக்கு ஊர் வேலை ஒண்ணுதான், ரீஸ்லிங் வைன். அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வைன் டேஸ்டிங் போக முடியுமா சொல்லுங்க, அதுவும் ஜூலை வெயில்ல அந்த ஸ்லேட் கல் சரிவு நல்லாவே சுடும்.

உண்மையைச் சொன்னா எனக்குப் பிடிச்சது ஷ்ப்ரேவால்ட். பெர்லினுக்குத் தென்கிழக்கே ஷ்ப்ரே ஆறு நூத்துக்கணக்கான கால்வாயா பிரிஞ்சு காட்டுக்குள்ள ஓடற இடம், கோல் ஊன்றித் தள்ளுற தட்டையான படகுல உட்கார்ந்துக்கிட்டே ஊரெல்லாம் பார்க்கலாம், லேடேங்கற கிராமத்துக்கு வெயில் காலத்துல தபால்கூட படகுலதான் வரும். சோர்பியர்னு ஒரு சின்ன ஸ்லாவ் இனம் அங்க இருக்காங்க, ஊர்ப் பலகையெல்லாம் ரெண்டு மொழில இருக்கும், வேறொரு பெரிய மொழிக்கு நடுவுல தன் மொழிய விடாம வச்சிருக்கறவங்க மேல நமக்கு ஒரு பாசம் வராம இருக்குமா. சாப்பாடும் சரிப்படும், வேகவச்ச உருளைக்கிழங்கு, கூட குவார்க்னு ஒரு கெட்டித் தயிர் மாதிரி, மேல ஆளிவிதை எண்ணெய், ஊறுகாய் போட்ட வெள்ளரிக்கா. ஆனா டுஸல்டார்ஃப்ல இருந்து நாட்டைக் குறுக்க கடந்து போகணும், கொசு வேற, அதனால அது அடுத்த தடவைக்கு. ஹார்ட்ஸ் மலையையும் யாரோ சொன்னாங்க, 2018ல இருந்து வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து அங்க மலை மலையா மரத்தைக் காயவச்சிருச்சு, காடு பார்க்கப் போயி காய்ஞ்ச கட்டையைப் பார்த்துட்டு வர மனசு வரல.

கடைசில முடிவு பண்ணி வச்சது ஒரு அட்டை. பிளாக் ஃபாரஸ்ட், ஜெர்மன்ல ஷ்வார்ட்ஸ்வால்ட், அங்க நூத்துக்கும் மேல ஊர்கள்ல ராத்தங்குனா வீட்டுக்காரங்க கோனுஸ்னு முத்திரை போட்ட கெஸ்ட் கார்டு தருவாங்க, அதை வச்சுக்கிட்டு அந்தப் பகுதி பூரா பஸ், லோக்கல் ட்ரெயின் எல்லாத்துலயும் காசில்லாம போகலாம். ஐசிஇ மாதிரி எக்ஸ்பிரஸ்ல மட்டும் செல்லாது. சும்மா குடுக்கல, நாம கட்டுற கூர்டாக்ஸேன்னு ஒரு தங்கல் வரி இருக்கு, அதுல இருந்துதான் போகுது, ஆனா அஞ்சு பேர் தினம் ரயில்ல சுத்தறப்ப அந்த வரியெல்லாம் ஒரு காசே இல்ல. எல்லா ஊரும் இதுல சேர்ந்திருக்காதுங்கறதால வீடு புக் பண்றதுக்கு முன்னாடி அந்த ஊர் பேர் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

பிளாக் ஃபாரஸ்ட்னு முடிவானதும் எல்லாரும் டிட்டிஸே ஏரிக்குப் போங்கன்னாங்க. அங்க டூர் பஸ்ல வந்து இறங்குற கூட்டத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நான் பிடிச்சது கின்ட்ஸிக் பள்ளத்தாக்கு, அதுல ஹவுஸாஹ்ங்கற சின்ன ஊர். காரணம் ரயில் மேப்ல தெரியும், ஓஃபன்புர்க்ல இருந்து வர்ற லைன் அங்க ரெண்டா பிரியுது, ஒண்ணு ட்ரீபெர்க் பக்கம் மலை ஏறும், இன்னொண்ணு ஷில்டாஹ், ஆல்பிர்ஸ்பாஹ் வழியா ஃப்ராய்டன்ஷ்டட் போகும். ஒரே இடத்துல தங்கி ரெண்டு பக்கமும் போயிட்டு வரலாம். இன்னொரு விஷயம், படத்துல பார்க்கற அந்த அழகான பண்ணை வீடெல்லாம் கிளைப் பள்ளத்தாக்கோட கோடில, பஸ் ஸ்டாப்ல இருந்து மூணு நாலு கிலோமீட்டர் ஏத்தத்துல இருக்கும், கார் இருந்தாதான் அது சொர்க்கம். நாங்க ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல சமையல்கட்டோட ஒரு வீடு எடுத்தோம், ஜன்னல்ல மலை தெரியும், கூடவே ரயிலும் தெரியும், அப்பாவுக்கு அதுதான் வியூ.

தேதி பத்தியும் சொல்லிடறேன். இங்க ஸ்கூல் லீவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், எங்க மாநிலத்துக்கு வருஷா வருஷம் தேதி நகரும், ஆனா பிளாக் ஃபாரஸ்ட் இருக்கற பாடன்-வுர்ட்டம்பெர்க்கும் பவேரியாவும் எப்பவும் கடைசிலதான் விடுவாங்க, ஜூலை கடைசி, ஆகஸ்ட் ஆரம்பம்னு. நமக்கு முன்னாடியே லீவு வந்துட்டா அவங்க பசங்க ஸ்கூல்ல இருக்கும்போதே போயிட்டு வந்துடலாம், வாடகையும் கம்மி, நீச்சல் குளமும் காலி. வீடெல்லாம் சனிக்கிழமைல இருந்து சனிக்கிழமை கணக்குதான், கிளீனிங் காசு தனி, சில இடத்துல பெட்ஷீட்கூட தனி, அதனால ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு போட்டிருக்கறத நம்பாம மொத்தத்தைக் கூட்டிப் பாருங்க. சனிக்கிழமை போய் இறங்கினதும் பெட்டியைக் கூட திறக்காம முதல்ல சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடினோம், ஞாயிறு அன்னைக்கு எதுவும் திறந்திருக்காது.

இப்ப ரயில். ஓஃபன்புர்க்ல இருந்து ஸிங்கன் வரைக்கும் போற இந்த ஷ்வார்ட்ஸ்வால்ட்பான் லைன் 1873ல முழுசா முடிஞ்சது, கட்டினவர் ராபர்ட் கெர்விக்ங்கற இன்ஜினியர், மொத்தம் 39 குகைப்பாதை, பெரும்பாலும் ஹோர்ன்பெர்க்குக்கும் செயின்ட் கியோர்கனுக்கும் நடுவுல. ஷ்ராம்பெர்க் வழியா சுலபமான பாதை ஒண்ணு இருந்துச்சு, ஆனா அது அப்ப பக்கத்து நாடான வுர்ட்டம்பெர்க் எல்லைக்குள்ள வரும், பாடன் அரசுக்கு தன் மண்ணை விட்டு லைன் வெளிய போகக்கூடாது, அதனால அந்த ஆள் செங்குத்தான மலையிலயே வளைச்சு வளைச்சு, திரும்பி வந்து, மறுபடி வளைச்சு ஏத்தியிருக்கார். ஜன்னல்ல பார்த்தா கொஞ்ச நேரம் முன்னாடி நாம வந்த தண்டவாளமே கீழ தெரியும். அப்பாவுக்கு இதைச் சொன்னதும் முதல் கேள்வி, “ஏம்மா, பல் சக்கரம் இருக்கா?” இல்லப்பான்னேன். நம்ம ஊட்டி ரயில் பன்னிரண்டுக்கு ஒண்ணுங்கற ஏத்தம், பல் சக்கரம் இல்லாம ஏறாது, அந்த எஞ்சினெல்லாம் பொன்மலைக்குத்தான் ரிப்பேருக்கு வரும். இங்க ஐம்பதுக்கு ஒண்ணுக்கு மேல ஏத்தம் போகாம தூரத்தை நீட்டியே உயரத்தைப் பிடிச்சிருக்கார், பெரிய பெரிய ட்ரெயினும் சாதாரணமா ஓடுது. அப்பா அன்னைக்கு நடுவுல எங்கயும் இறங்கவே இல்ல. செயின்ட் கியோர்கன் போய், பிளாட்ஃபார்ம்ல காபி குடிச்சு, அதே வழில திரும்பி, மறுநாள் மறுபடியும். குகையை எண்ண ஆரம்பிச்சார், நடுவுல பேரன் பேச்சுக் குடுத்துக் கணக்கை விட்டார், எத்தனை தடவை போனாலும் 39 வரல.

அந்த ஏத்தத்தோட உச்சில சொம்மெராவ் குகை, 1,697 மீட்டர், அதுதான் எல்லாத்துலயும் நீளம். அந்த மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யற மழை ரைன்ல சேர்ந்து வடகடலுக்குப் போகும், அந்தப் பக்கம் பெய்யறது டான்யூப் வழியா கருங்கடலுக்குப் போகும். பையன் இதைக் கேட்டுட்டு கையில இருந்த பாட்டில் தண்ணியைக் கொஞ்சம் ஊத்தி, போ கருங்கடலுக்குன்னு அனுப்பி வச்சான்.

ட்ரீபெர்க் ஒரு நாள் போனோம். ஸ்டேஷன் கீழ இருக்கு, ஊர் மேல இருக்கு, பஸ் பிடிங்க. அருவி 163 மீட்டர், ஒரே தாவலா விழாது, ஏழு படியா இறங்கும், குற்றாலம் நினைப்புல துண்டு எடுத்துட்டுப் போகாதீங்க, பார்க்க மட்டும்தான், அதுக்கும் டிக்கெட். வாசல்ல அணிலுக்குப் போட வேர்க்கடலை விக்கறாங்க, பையனுக்கு அருவியைவிட அதுதான் பெருசாப் போச்சு, பாதிக் கடலையை அம்மாவே தின்னுட்டாங்க. மத்தபடி அந்த ஊர் பூரா குக்கூ கடிகாரக் கடை, அரை மணில போரடிச்சிடுது.

நான் மறுபடி போகணும்னு நினைக்கற இடம் குட்டாஹ்ல இருக்கற ஃபோக்ட்ஸ்பவர்ன்ஹோஃப் திறந்தவெளி மியூசியம். 1612ல கட்டின ஒரு பண்ணை வீடு அங்கயே நிக்குது, அதைச் சுத்தி பிளாக் ஃபாரஸ்ட்டோட மத்த பகுதி வீடுகளைப் பிரிச்சுக் கொண்டு வந்து திரும்பக் கட்டி வச்சிருக்காங்க. வெளிய இருந்து பார்த்தா கூரைதான் வீடு, தரையைத் தொடற மாதிரி இறங்கி வருது. உள்ள ஒரே கூரைக்குக் கீழ மனுஷங்க, மாடு, மேல பரண் பூரா வைக்கோல். வீட்டை மலைச்சரிவுல ஒட்டிக் கட்டியிருக்கறதால பின்பக்கம் சரிவுல இருந்து வண்டியை நேரா பரணுக்கே ஓட்டிட்டுப் போயிடலாம், வைக்கோலைத் தூக்கிப் போடற வேலையே இல்ல. மாட்டோட சூடும் வைக்கோலும் சேர்ந்து குளிர்காலத்துல வீட்டைக் கதகதப்பா வச்சிருக்கும். சமையல்கட்டுக்கு புகைபோக்கி கிடையாது, புகை அப்படியே மேல ஏறி, தொங்கவிட்ட பன்னிக்கறியைப் பதப்படுத்தி, கூரை மரத்தைப் பூச்சி அரிக்காமக் காத்துட்டு ஓட்டை வழியா வெளிய போகும். சுவரெல்லாம் தார் பூசின மாதிரி கருப்பு. அம்மா அந்த அடுப்புக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க. “இவளுங்க கண்ணு என்ன பாடு பட்டிருக்கும்”னு மட்டும் சொன்னாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் விறகடுப்புதான் அவங்களுக்கு.

பிளாக் ஃபாரஸ்ட் போஸ்டர்ல எல்லாம் வருமே சிவப்புக் கம்பளிப் பந்து வச்ச தொப்பி, போல்லன்ஹூட், அது இந்தக் குட்டாஹையும் பக்கத்துல ரெண்டு கிராமத்தையும் சேர்ந்ததுதான், மொத்தப் பிளாக் ஃபாரஸ்ட்டுக்கும் அவங்க தொப்பி அடையாளமாயிடுச்சு. கல்யாணம் ஆகாதவங்களுக்குச் சிவப்பு, ஆனவங்களுக்குக் கருப்பு. அம்மா உடனே, அப்ப நம்ம மெட்டி மாதிரின்னு முடிச்சிட்டாங்க.

சாப்பாடு பத்திக் கேட்பீங்க. முட்டை சாப்பிடற வெஜிடேரியனா இருந்தா கேஸ்ஷ்பெட்ஸ்லே போதும், சீஸும் வதக்கின வெங்காயமும் போட்ட ஒரு மாதிரி நூடுல்ஸ், அருமையா இருக்கும், ஆனா மாவுல முட்டை உண்டு. ஃப்ளாம்கூஹன்னு மெல்லிசா பீட்சா மாதிரி ஒண்ணு, அதுல பன்னிக்கறித் துண்டு போடுவாங்க, வேண்டாம்னு சொன்னா எடுத்துடுவாங்க. உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும் நம்பாதீங்க, தெற்குல அதுல கறி சூப் ஊத்திக் கலக்கற பழக்கம் உண்டு, கேட்டுட்டு சாப்பிடுங்க. அம்மாவுக்கு வெளிய வெண்ணெய் தடவின ப்ரெட்ஸல், வீட்ல ரசம் சாதம், பெட்டில குக்கரும் மிளகாய்ப் பொடியும் வந்தது அதுக்குத்தான். செர்ரி கேக்கை பையனுக்கு வாங்கிக் குடுத்துடாதீங்க, நம்ம ஊர் பேக்கரி பிளாக் ஃபாரஸ்ட் வேற, இங்க கிர்ஷ்வாஸர்னு செர்ரிச் சாராயத்தோட ருசி தெரிஞ்சாதான் அந்தப் பேரே வைக்கலாம். நானும் இவரும் ஷில்டாஹ்ல ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டோம், அம்மா கேட்டப்ப செர்ரி ஜூஸ்னு சொல்லிச் சமாளிச்சாச்சு.

ஷில்டாஹ் மரச்சட்டம் போட்ட வீடுங்க, சரிவா ஏறுற ஒரு சந்தைத் திடல்னு சின்ன ஊர். ஒரு காலத்துல இங்க வெட்டின மரத்தைத் தெப்பமாக் கட்டி கின்ட்ஸிக்ல விட்டு, ரைன் வழியா ஹாலந்து வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்காங்க, ரயில் வந்ததும் அந்தத் தொழில் போச்சு. நாங்க போன அன்னைக்கு நல்ல மழை, ஆத்தோரம் நடக்கலாம்னு நினைச்சது நடக்கல.

காட்டுக்குள்ள, புல்லுல நடந்துட்டு வந்தா ராத்திரி குழந்தைங்க காலு, முட்டிக்குப் பின்னாடி, காதோரம் எல்லாம் உண்ணி இருக்கான்னு பார்த்துடுங்க, இந்த மாநிலத்துல கிட்டத்தட்ட எல்லா இடமுமே உண்ணியால மூளைக்காய்ச்சல் பரவற பகுதி, தடுப்பூசி இருக்கு, டாக்டர்கிட்ட சில மாசம் முன்னாடியே கேளுங்க. கிராமத்து ஹோட்டல்கள்ல வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் லீவு, பல இடத்துல திங்களும் செவ்வாயும், ராத்திரி எட்டரைக்கெல்லாம் அடுப்பை அணைச்சுடுவாங்க, வெளிய ஒம்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கறதால நமக்கு மணியே தெரியாது. கையில கொஞ்சம் ரொக்கம் வச்சுக்கோங்க. கார் இருக்கறவங்க இதெல்லாம் படிச்சுட்டு ஹவுஸாஹ் போக வேண்டியதில்ல, நீங்க தாராளமா மேல அந்தப் பண்ணை வீட்டுக்கே போங்க, கோழி கூவுறதுக்கு எழுந்திரிக்கத் தயாரா இருந்தா.