ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்': பெரிய எஸ், சின்ன எஸ் ஜாக்கிரதை

டெபியன் லினக்ஸ் ஓடும் டெஸ்க்டாப்பில் அரை நிமிடத்துக்கு ஒரு 'டிக்'. கேபிளை மாற்றியது வீண் வேலை. டிஸ்க்கின் உடல்நலம் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டிய பட்டியலில் 193-ஆம் வரி, லோட் சைக்கிள் கவுண்ட், 91,000. டிஸ்க் ஓடியதோ 780 மணிநேரம்தான். அதாவது மணிக்குச் சுமார் 117 தடவை, டிஸ்க்கைப் படிக்கும் தலை ஒதுங்கித் திரும்புகிறது. 3 லட்சம் தடவை தாங்கும் என்று குறிக்கப்பட்ட டிஸ்க், இரவு பகலாக ஓடினால் இந்தக் கணக்கில் நாலு மாதம் தாண்டாது. (அந்த வரியில் கடைசியாக இருக்கும் எண்ணைப் பாருங்கள். முன்னால் இருக்கும் 'வேல்யூ' வெறும் மதிப்பெண், அது ஏமாற்றும்.)

டிஸ்க்கின் அமைப்புகளை மாற்றும் ஹெச்டிபார்ம் கட்டளையைப் போட்டு, அதில் பெரிய பி-க்கு 254 கொடுத்ததும் சத்தம் நின்றது. 'நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் அந்த டிஸ்க்கில் ஏபிஎம் என்ற மின்சேமிப்பு வசதி இல்லை, இந்த வைத்தியம் செல்லாது.

மின்சாரம் போய் வந்ததும் பழைய குருடி. ஹெச்டிபார்ம்.கான்ஃப் கோப்பில், லினக்ஸ் அந்த டிஸ்க்குக்கு வைத்த பெயரான எஸ்டிபி என்று எழுதி வைத்தேன். இன்னொரு டிஸ்க்கைச் செருகிய அன்று எஸ்டிபி என்ற பெயர் அதற்குப் போய்விட்டது, அமைப்பும் கூடவே போனது. டெவ், டிஸ்க், பை-ஐடி என்ற அடைவில் சீரியல் எண்ணோடு இருக்கும் நீளப் பெயரையே எழுதுங்கள்.

அடுத்தது, சும்மா இருக்கும்போது சுழற்சியை நிறுத்துவது. ஹெச்டிபார்மில் பெரிய எஸ்-க்குக் கொடுக்கும் எண் நிமிடம் இல்லை. 240 வரை ஒவ்வொன்றும் 5 விநாடி. 10 என்று போட்டால் 50 விநாடியில் படுத்துவிடும். பத்து நிமிடத்துக்கு 120. 241 முதல் கணக்கே வேறு: 241 அரை மணி, 242 ஒரு மணி. கை தவறிச் சின்ன எஸ் அடித்துவிடாதீர்கள். அது கணினியைப் போடும்போதே டிஸ்க்கைச் சுழலாமல் வைக்கும் அமைப்பு. கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சிலது அப்புறம் டிஸ்க்கையே கண்டுபிடிக்காது.

120 போட்டும் டிஸ்க் அரை மணிக்கொரு முறை எழுந்துகொண்டே இருந்தது. ஆள் யாரென்று தேடினால், பின்னணியில் ஓடி டிஸ்க்கைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டிதான்! உடல்நலம் விசாரிக்க 1,800 விநாடிக்கு ஒருமுறை வந்து எழுப்பிவிடுகிறது. ஸ்மார்ட்டி.கான்ஃப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியோடு '-என் ஸ்டாண்ட்பை' சேர்த்ததும் அடங்கியது. டிஸ்க் தூங்குகிறதா என்று பார்க்கவும் ஸ்மார்ட்சிடிஎல்லை வெறுமனே ஓட்டாதீர்கள், அதுவும் எழுப்பும். ஹெச்டிபார்மில் பெரிய சி எழுப்பாமல் சொல்லும்.

யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் பல பெட்டிகள் இந்தக் கட்டளைகளை உள்ளேயே விடாது. அங்கே, சும்மா இருக்கும் டிஸ்க்கை நிறுத்தும் ஹெச்டி-ஐடில் என்ற நிரலைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து 193-ஆம் வரியைப் பார்த்தேன். கூடியது 14.