ஏற்காடு ஏறி இறங்கி 42.2: மூன்றாவது முறை தொடை தாங்கியது

ஒருவழியாகத் தொடை தாங்கிவிட்டது. சேலம் அடிவாரத்தில் கிளம்பி, கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி, ஏற்காடு ஏரிப் பக்கம் திரும்பி, வந்த வழியே இறங்கி 42.2 கி.மீ. கடைசிப் பத்து கிலோமீட்டரில் நடை என்ற பேச்சே இல்லை. முதல் முறை 31-வது கிலோமீட்டரில் தொடை பூட்டிக்கொண்டது. இரண்டாவது முறை 35 வரை இழுத்துக்கொண்டு வந்ததற்குக் கூலியாக இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்தது. இரண்டு தடவையும் ஏற்றத்தில் ஒரு குறையும் கிடையாது. மலை மாரத்தான் என்றாலே எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறோம், ஆளைச் சாய்ப்பது இறக்கம். இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அதனால் இறக்கத்தைப் பற்றித்தான்.

பாதையைப் பற்றி இரண்டு வரி. அடிவாரத்துக்கும் ஏரிக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டரை ஒட்டி வரும்; சராசரிச் சரிவு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பும் இடத்தை ஏரிக்கரையில் முன்னே பின்னே நகர்த்தினால் தூரம் சரியாகிவிடும். நூறு பேருக்குள் ஓடும் சின்ன ஓட்டம். பேஸர் (குறித்த வேகத்தில் கூட ஓடி வழிநடத்துபவர்) கிடையாது, ரோடும் மூடப்படுவதில்லை, தண்ணீர் மேசை ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று. இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும்தான் துணை. பனி விலகும் நேரத்தில் வளைவில் நின்று கீழே சேலத்தைப் பார்க்கலாம், ஆனால் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே வேடிக்கை பார்த்தால் முழங்கால் தேயும்.

முதலில் நேரக் கணக்கு, ஏனென்றால் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் பெயரில் ஒரு கணக்கு ஓட்டக்காரர்களிடம் புழங்குகிறது: ஒரு சதவீத ஏற்றத்துக்கு மைலுக்கு 12 முதல் 15 விநாடி இழப்பு, அதே இறக்கத்தில் திரும்பக் கிடைப்பது 8 விநாடிதான். கிலோமீட்டருக்கு மாற்றினால் 5 சதவீத ஏற்றத்தில் சுமார் 42 விநாடி போகும், இறக்கத்தில் 25 விநாடி வரும். சமதரையில் 4 மணி நேரத்தில் முடிப்பவருக்கு (கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி, சுருக்கமாக 5:41) ஏற்றம் 6:23, இறக்கம் 5:16, மொத்தம் 4 மணி 6 நிமிடம் (4:06). தாளில் அழகாகத்தான் இருக்கிறது. தொடர்ந்து இருபது கிலோமீட்டர் ஏறும் மலைக்கு இந்தக் கணக்கு செல்லாது. இந்தப் பாதையில் அதே ஆளுக்கு நிலைத்த வேகம் ஏற்றத்தில் 6:55, இறக்கத்தில் 5:50. அதாவது 2:26 ஏற, 2:03 இறங்க, மொத்தம் 4:29. சமதரை நேரத்தோடு அரை மணி நேரம் சேர்த்துக் கிளம்பினால் மானம் தப்பும். முதல் தடவை 4:06-ஐ நம்பிப் போனதன் விலைதான் அந்த 31-வது கிலோமீட்டர்.

வாட்ச் காட்டும் உடனடி பேஸை (அந்த நொடியில் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கை) மலையில் நம்ப வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் ஜிபிஎஸ் குறுக்கே வெட்டிக் கோடு போடும், மரநிழலில் இன்னும் மோசம். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து லேப் பொத்தானை அழுத்துவதுதான் உருப்படியான வழி. ஏறும்போது வேகத்தை மறந்துவிட்டு மூச்சைப் பார்க்கலாம்: பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால் அடுத்த வளைவு வரை நடை. வளைவின் உள்பக்கம் தூரம் குறைவு, ஆனால் அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் சரிவு கூடிவிடும். ரோடு காலியாக இருந்தால் வெளிப்பக்கம் ஏறுவது கெண்டைக்காலுக்கு நல்லது.

இனி இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பின் எடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. இப்படி நீண்டுகொண்டே சுமை தாங்குவதுதான் தசைநாரைக் கிழிக்கும் வேலை. இறக்கத்தில் மூச்சு வாங்காது, இதயத் துடிப்பும் குறைவு, அதனால் நன்றாக ஓடுகிறோம் என்ற மயக்கம் வரும். மயக்கம் தெளிவதற்குள் தொடை கையை விரித்திருக்கும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படியில் பின்பக்கமாக இறங்கும் கூத்து இதனால்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒரு தடவை இப்படி அடிபட்டு ஆறிய தசை அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படாது. அந்தப் பாதுகாப்பு சில வாரம் நிற்கும். ஆக, பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையை அடிக்க வேண்டும். இந்த முறை பின்பற்றிய அளவு: முதல் வாரம் 300 மீட்டர் இறக்கம் ஐந்து முறை, ஏறுவது நடை. மூன்றாவது வாரம் 400 மீட்டர் எட்டு முறை. ஐந்தாவது வாரம் நிற்காமல் 5 கி.மீ. இறக்கம், ஏழாவது வாரம் 10 கி.மீ. அதோடு சரி, ஓட்டத்துக்கு முந்தைய 16 நாள் இறக்கம் பக்கமே போகவில்லை. இரண்டாவது முயற்சியில் ஒரு வாரத்துக்கு முன்பு வரை இறங்கிக்கொண்டிருந்தது தப்பு. தசை ஆறாமலேயே ஓட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் செய்ய 20 செ.மீ. உயரப் படி போதும். ஒரு காலில் நின்று, மறுகால் குதிகால் தரையைத் தொடும் வரை நான்கு எண்ணி மெதுவாக இறங்குவது, காலுக்குப் பத்து, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். முழங்கால் உள்பக்கம் மடங்கினால் படியின் உயரத்தைக் குறையுங்கள்.

சேலத்துக்காரர்களைப் பார்த்தால் பொறாமைதான். விடியற்காலை பஸ்ஸில் ஏற்காடு போய், ஓடி இறங்கி, டிபனுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இறக்கப் பயிற்சிக்கு இதைவிட வசதி வேறெங்கும் கிடையாது. சென்னைக்காரர்களுக்குக் கத்திப்பாரா மேம்பாலமும் பரங்கிமலையும்தான் கதி. பரங்கிமலையில் படிக்கட்டை விட்டுவிட்டு வண்டி போகும் ரோட்டில் இறங்குங்கள். படியில் கால் விழும் விதமே வேறு. டிரெட்மில்லின் பின்காலுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து இறக்கம் உண்டாக்கும் யோசனையும் ஓடிப் பார்க்கப்பட்டது. பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, வேண்டாம்.

இறங்கும் விதத்தில் மாற்றியது மூன்றே விஷயம். கால் எட்டிப் போடுவதை நிறுத்தி, அடியைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டியது: நிமிடத்துக்கு 168-லிருந்து 180. வாட்சில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் ஒலி) போட்டு நான்கு வாரம் பழகினால் பிறகு ஒலி தேவைப்படாது. அடுத்தது, இடுப்பில் மடங்காமல் கணுக்காலிலிருந்தே உடம்பை லேசாக முன்னே சாய்ப்பது. பயத்தில் பின்னால் சாய்ந்தால் குதிகால் முதலில் குத்தி, முழங்கால் விறைத்து, ஒவ்வோர் அடியும் பிரேக் ஆகிவிடும். மூன்றாவதாக, பார்வை காலடியில் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி. சரியாக இறங்குகிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம், காதே போதும். சடார் சடார் என்று கால் அறையும் சத்தம் கேட்டால் பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். சரக் சரக் என்று உரசுகிற மாதிரி கேட்க வேண்டும்.

வளைவில் வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் அல்ல. வண்டிகள் ஒதுக்கிய மணலும் சரளையும் ஓரத்தில் கிடக்கும். வெள்ளைக் கோடு ஈரத்தில் வழுக்கும். ஏறி வரும் பஸ்ஸுக்கு உள்வளைவில் திரும்ப முழு ரோடும் தேவைப்படுகிறது. ஹார்ன் கேட்டால் வளைவுக்கு வெளியே நின்றுவிடுங்கள், போவது ஐந்து விநாடிதான்.

இப்போது ஷூ நாடா. சிரிக்க வேண்டாம், இரண்டு நகம் போன பிறகு வந்த ஞானம் இது. இறங்கும்போது பாதம் ஷூவுக்குள் முன்னே சறுக்கி, விரல் நுனி முகப்பில் மோதும். பத்தாயிரம் தடவைக்கு மேல் மோதினால் நகத்தடியில் ரத்தம் கட்டத்தான் செய்யும். பெரிய ஷூ வாங்கினால் தீராது. இன்னும் அதிகமாகச் சறுக்கும். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம், பின்னால் குதிகால் அசையாத பிடி, இரண்டும் வேண்டும். ஷூவின் உச்சியில் சும்மா விட்டுவைக்கிற அந்தக் கடைசித் துளை இதற்குத்தான் இருக்கிறது. வழக்கம்போல் நாடாவை மேலிருந்து இரண்டாவது துளை வரை கட்டுங்கள். பிறகு குறுக்கே போகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டால் ஒரு சின்ன வளையம் உண்டாகும். இரண்டு பக்கமும் வளையம் வந்ததும் இடது நுனியை வலது வளையத்திலும், வலதை இடதிலும் நுழைத்து, மேலே இழுக்காமல் கணுக்கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்து முடி போடுங்கள். குதிகால் பின்பக்கம் கவ்விக்கொள்வது உடனே தெரியும். இதுதான் குதிகால் பூட்டு.

இதில் எல்லோரும் செய்யும் பிழை, கீழிருந்து மேல்வரை எல்லாத் துளையையும் இறுக்குவது. பாதத்தின் மேல் ஓடும் நரம்பு அழுந்தி, 25-வது கிலோமீட்டரில் புறங்கால் எரியும், இரண்டு நாளைக்கு விரலைத் தூக்கவே வலிக்கும். நடுத்துளைகள் தளர்வு, மேல் இரண்டு மட்டும் இறுக்கம். அதற்கும் மேலே ஒரு சிக்கல்: இரண்டரை மணி நேரம் ஏறியதும் பாதம் வீங்கியிருக்கும். காலையில் கட்டிய இறுக்கம் அப்போது பொருந்தாது. எனவே ஏற்றத்துக்குச் சாதாரண முடி, மேலே திரும்பும் இடத்தில் உட்கார்ந்து குதிகால் பூட்டு. குளிரில் விரல் மரத்துப்போய் முதல் ஒத்திகையில் இரண்டு நிமிடம் பிடித்தது, பழகிய பிறகு 40 விநாடி. வளையத்தைக் காலையிலேயே போட்டுவைத்து நுனியை மட்டும் மேலே நுழைத்தால் வேலை பாதி. உருண்டை நாடா தளர்ந்துகொண்டே இருக்கும், தட்டை நாடாதான் நிற்கும். ஷூவோடு வரும் நாடா பெரும்பாலும் இதற்குக் குட்டை. பெரிய விளையாட்டுக் கடைகளில் நாடாவைத் தனியாகக் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். செருப்புத் தைப்பவரிடம் 120 செ.மீ. தட்டை நாடா சல்லிசாகக் கிடைத்தது, அதுதான் இப்போதும் ஓடுகிறது. நகத்தை ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள். முந்தின இரவு வெட்டினால் கூர் முனை பக்கத்து விரலைக் குத்தும்.

சாப்பாடு சுருக்கமாக. மணிக்கு 50 கிராம் மாவுச்சத்து கணக்கு, அதில் பெரும்பங்கு ஏறும்போதே. இறங்கும்போது வயிறு குலுங்குவதால் உள்ளே போவது தங்காது. உச்சியில் ஒரு ஜெல் (பொட்டலத்தில் வரும் மாவுச்சத்துக் கூழ்), ஒரு டம்ளர் தண்ணீர், அதற்குப் பிறகு வாய் நனைக்க மட்டும். ஓஆர்எஸ்ஸை உணவாக நினைக்க வேண்டாம். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதன் வேலை உப்பு. லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்துக் குடித்தவருக்கு வயிற்றைப் பிசைந்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஓட்டம் முடிந்த பிறகு அமிர்தம், ஓடும்போது மென்றால் புரை ஏறும். வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவில் நடக்கவே கூடாது, குரங்கு பிடுங்கிவிடும். தண்ணீர் மேசைக்காரர்களும் பழத்தை மூடிபோட்ட பெட்டியில் வைத்தால் நல்லது. இந்த முறை ஒரு சீப்பு முழுசாகப் போனது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறேழு டிகிரி சூடு கூடும். ஐந்து மணிக்குக் கிளம்பியவர் அடிவாரத்துக்குத் திரும்பும்போது ஒன்பதரை, சேலத்து வெயில் தயாராக நிற்கும். கடைசி மேசையில் தலையில் ஊற்ற ஒரு பாட்டில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் இருட்டுக்கு நெற்றி விளக்கு கட்டாயம், காட்டுமாடு ரோட்டில் நின்றால் அது போகும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மே மாதம் கோடை விழாக் கூட்டம், ஐப்பசி கார்த்திகையில் மண்சரிவு. தை, மாசிதான் தோது.

அடுத்தது கொல்லிமலை. எழுபது வளைவு, ஒன்றை முடித்து நிமிர்வதற்குள் அடுத்தது வரும் அளவுக்கு நெருக்கம். ஏற்காட்டில் பழகிய சீரான இறக்கம் அங்கே பலிக்காது, வளைவுக்கு வளைவு வேகம் குறைத்துக் கூட்ட வேண்டியிருக்கும். அதற்காகப் படிப் பயிற்சியில் நான்கு எண்ணுவதை ஆறாக்கிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம், இரண்டு வாரம் ஆகிறது. இடது முழங்கால் இன்னும் உள்ளே மடங்குகிறது. படியை 15 செ.மீ.க்கு இறக்கியாயிற்று. ஏற்காட்டில் இடது குதிகாலில் எழும்பிய கொப்புளத்துக்கு மட்டும் இன்னும் காரணம் பிடிபடவில்லை. சாக்ஸா, பூட்டு முடிச்சா என்று பார்க்க, வரும் ஞாயிறு ஒரு காலில் பூட்டு போட்டும் மறுகாலில் போடாமலும் 10 கி.மீ. இறக்கம்.