பகடை விழும் நாட்கள்

அக்டோபர் 18, வெள்ளி. காரைக்குடி

பால்டர்ஸ் கேட் (1998), கம்ப்யூட்டர் ஆட்டம். முதல் வேலை, ஆப்ஷன்ஸில் ஃபீட்பேக் பக்கம் போய் 'டு ஹிட் ரோல்ஸ்' (ஒவ்வொரு அடிக்கும் விழும் பகடையைக் காட்டுவது) ஆன் செய்வது. அதைச் செய்யாதவர்கள்தான் "என் ஆளுக்குக் கண் தெரியலையா" என்று புலம்புகிறார்கள். இதற்கு அடிப்படையான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைப் பகடையாட்டத்தின் இரண்டாம் பதிப்புக் கணக்கு தலைகீழ்: தாக்கோவும் (அடி படுவதற்கான எண்) குறையணும், ஆர்மர் கிளாஸும் (தற்காப்பு எண்) குறையணும். நம் தாக்கோவில் எதிரியின் ஆர்மர் கிளாஸைக் கழித்தால் வரும் எண், அல்லது அதற்கு மேல், இருபது முகப் பகடையில் விழணும். முதல் லெவல் ஃபைட்டருக்கு (வாள்வீரனுக்கு) தாக்கோ 20. எதிரியின் ஆர்மர் கிளாஸ் 6 என்றால் 14 வேண்டும், 35 சதவீதம். மூன்று வீச்சில் இரண்டு காற்றோடு போகும், அது விளையாட்டின் கோளாறு இல்லை. மேஜுக்கு (மந்திரக்காரனுக்கு) முதல் லெவலில் உயிர் நாலு முகப் பகடைதான். உடல்கட்டு போனஸ் இல்லாவிட்டால் 4-ஐத் தாண்டாது. அவனைப் பின்னால் நிறுத்தி 'ஸ்லீப்' (தூங்கவைக்கும் மந்திரம்) மட்டும் கொடுத்தால் போதும், கூட்டமாக வரும் கிப்பர்லிங் என்ற குட்டி அரக்கர்கள் சாய்ந்துவிடுவார்கள்.

அக்டோபர் 19, சனி

மழை. கரண்ட் இல்லை. ஃபோன் சார்ஜைத் தொடக்கூடாது.

அக்டோபர் 20, ஞாயிறு

டெம்பிள் ஆஃப் எலிமென்டல் ஈவில், 2003, ட்ராய்கா. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பை இவ்வளவு விசுவாசமாக வேறு யாரும் கொண்டுவரவில்லை என்பது என் கட்சி. கதை சப்பை, பக் ஏராளம். சர்க்கிள் ஆஃப் எய்ட் மாட் (ரசிகர்கள் செய்த திருத்தத் தொகுப்பு) போடாமல் தொடங்கவே வேண்டாம். எதிரி பக்கத்தில் நிற்கும்போது வில்லை இழுத்தாலோ மந்திரம் சொன்னாலோ அவனுக்கு இலவச அடி. ஆகவே முதலில் ஐந்தடி பின்வாங்கல் (அதற்கு இலவச அடி கிடையாது), பிறகு அம்பு. ஐந்தடிக்கு மேல் நகர்ந்தால் அந்தச் சலுகை போச்சு. கையில் கிளெய்வ் (நீளக் கம்பில் கத்தி) கொடுத்த ஆள் பத்தடி தள்ளி நின்றே குத்துவான். அவனுக்கு முன்னால் ஒரு கவச ஆள் வேண்டும். ஒவ்வொரு வீச்சும் எதெது கூட்டி எவ்வளவு என்று பதிவில் விரியும். அதற்காகவே இதை மன்னிக்கலாம்.

அக்டோபர் 21, திங்கள்

ரிப்போர்ட் நாளை என்கிறார்கள். சனிக்கிழமையும் நாளை என்றார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

பாத்ஃபைண்டர் கிங்மேக்கர், 2018. ஆரம்பத்திலேயே சிலந்திக் கூட்டம் வந்து ஆட்களைக் காலி பண்ணும். அந்தக் கூட்டம் மொத்தமும் விதிப்படி ஒரே உயிர். வாளும் அம்பும் எடுபடாது. ஆல்கெமிஸ்ட்ஸ் ஃபயர் என்ற எறிதீப் புட்டிகளும் 'பர்னிங் ஹேண்ட்ஸ்' என்ற தீ மந்திரமும் முன்கூட்டியே கையில் இருக்கணும், குகைக்குள் போனபின் தேடினால் முடிந்தது கதை.

அக்டோபர் 23, புதன்

பால்டர்ஸ் கேட் 3. லாரியன், 2023, ஐந்தாம் பதிப்பு. 'கர்மிக் டைஸ்' என்றொன்று தானாகவே ஆனில் இருக்கும். தொடர்ந்து தோற்காமல் பகடையைச் சாய்க்கும். எதிரிக்கும் அதே தயவு, கவசம் கனத்த ஆளுக்கு அடி கூடும். செட்டிங்ஸில் அணைத்துவிட வேண்டும். அட்வான்டேஜ் என்றால் இரண்டு பகடை, பெரியது எடு: 11 வேண்டிய இடத்தில் 50 சதவீதம் 75 ஆகும். இதைத் தேடித்தான் ஒளிந்து அடிப்பது. மேட்டில் ஏறினால் அட்வான்டேஜ் இல்லை, அடிக்கு +2 மட்டும். கான்சென்ட்ரேஷன் (கவனம் வைத்துத் தாங்கிப் பிடிக்கும் மந்திரம்) ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடிபட்டால் 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரியதோ அதை உடல்கட்டுப் பகடை எட்டணும், இல்லாவிட்டால் மந்திரம் கலையும். மேசை விதியிலிருந்து ஒரு விலகல்: பேச்சு, பூட்டு மாதிரி சோதனைகளிலும் 1 விழுந்தால் தோல்விதான், போனஸ் எவ்வளவு இருந்தாலும். எனக்கு அது பிடிக்கவில்லை. பூட்டு நிபுணனுக்குச் சின்னப் பெட்டியில் ஐந்து சதவீதத் தோல்வி எதற்கு?

அப்பத்தாவின் தாயக்கட்டை பட்டாலையில் அப்படியே கிடக்கிறது. பித்தளைக் கட்டை இரண்டு, முகம் நாலு நாலு. தாயம் விழ 16-ல் 2. அதிலும் யாரும் சாய்த்துத் தருவதில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பிளேன்ஸ்கேப் டார்மெண்ட் (1999) ஆடுகிறவர்கள் புள்ளிகளை விஸ்டமில் (ஞானத்தில்) கொட்டுங்கள். வாளில் வேண்டாம்.

அக்டோபர் 25, வெள்ளி

அப்பச்சி கூப்பிட்டார்கள். விடியற்காலை மதுரைக்குப் புறப்படணும். லேப்டாப்பில் ஸ்டீமை (ஆட்டங்கள் வாங்கி ஆடும் செயலி) இங்கேயே ஒருமுறை லாகின் பண்ணி, ஆட்டத்தைத் திறந்து மூடி, அப்புறம்தான் ஆஃப்லைன் மோட். சேவ் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கணும்.